50 என்று போட்டிருந்தால் 50 கிடைக்குமா?

50 கிராம் சன்ஸ்கிரீன் ட்யூப் ஒன்று உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது? நான்கு மாதம் வருகிறது என்றால் அந்த ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் 'எஸ்.பி.எஃப். 50' என்ற வெயில் தடுப்பு எண்ணுக்கும் உங்கள் முகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

கணக்கு எளிது. வளர்ந்த ஒருவரின் முகமும் கழுத்தின் முன்பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 750 சதுர சென்டிமீட்டர். சன்ஸ்கிரீனைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசித்தான் எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு தடவைக்கு 1.5 கிராம் வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை மட்டும் பூசினாலும் 50 கிராம் ட்யூப் 33 நாளில் தீர்ந்துவிட வேண்டும். அது 120 நாள் வருகிறதென்றால் ஒரு நாளைக்கு 0.4 கிராம்தான் முகத்தில் ஏறுகிறது. சோதனையில் பூசிய அளவில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்.

கால் பங்கு பூசினால் கால் பங்கு பாதுகாப்பாவது கிடைக்குமா என்றால் அதற்கும் உறுதியில்லை. அளவு குறையும் அதே விகிதத்தில் எண்ணும் குறைகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதைவிட வேகமாகச் சரிகிறது என்று வேறு சில. முதல் கணக்கில் எஸ்.பி.எஃப். 50 என்பது 12 ஆகும். இரண்டாவது கணக்கின் கடைசி எல்லைக்குப் போனால் 3-க்குக் கீழே இறங்கிவிடும். எந்த பிராண்ட், எந்த விலை, ஜெல்லா கிரீமா என்று அலசுவதற்கு முன்னால் இந்த ஒன்றைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

எண் எங்கிருந்து வருகிறது

எஸ்.பி.எஃப். என்பது தோல் சிவப்பதை மட்டும் அளக்கும் எண். தன்னார்வலர்களின் முதுகில் ஒரு பகுதியில் சன்ஸ்கிரீன் பூசி, இன்னொரு பகுதியை வெறுமனே விட்டு, விளக்கின் புறஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். வெறும் தோல் லேசாகச் சிவக்க எவ்வளவு ஒளி தேவைப்பட்டது, பூசிய தோல் சிவக்க எவ்வளவு தேவைப்பட்டது என்று பார்த்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எஸ்.பி.எஃப். கிடைக்கும். சிவப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் சோதனைக்கு வெளுத்த தோல்காரர்களைத்தான் எடுக்கிறார்கள்.

வகுத்து வருவது ஒளியின் அளவு, நேரம் அல்ல. 'எஸ்.பி.எஃப். 30 என்றால் 30 மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம்' என்று சொல்வது இதனால்தான் தவறாகிறது. காலை எட்டு மணி வெயிலில் ஒரு மணி நேரத்தில் வாங்கும் ஒளியைப் பன்னிரண்டு மணி வெயிலில் சில நிமிடங்களிலேயே வாங்கிவிடலாம்.

எஸ்.பி.எஃப். 15 சிவக்கவைக்கும் கதிர்களில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும்; 30 என்றால் 97, 50 என்றால் 98. '97-க்கும் 98-க்கும் என்ன பெரிய வித்தியாசம், 30 போதும்' என்ற வாதம் அடிக்கடி காதில் விழும். தடுப்பதைப் பார்க்காமல் உள்ளே நுழைவதைப் பாருங்கள். 30-இல் 3.3 சதவீதம் நுழைகிறது, 50-இல் 2 சதவீதம். தோலுக்குள் போவது ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. யாரும் முழு அளவு பூசுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் வெயிலுக்கு 50 வாங்குவதே சரி. 50-க்கு மேல் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

அச்சிட்ட எண்ணே உண்மையா என்ற கேள்வியும் இருக்கிறது. சன்ஸ்கிரீனை மருந்துச் சட்டத்தின் கீழ் கறாராகக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியாவிலேயே, 2025-இல் அங்குள்ள நுகர்வோர் அமைப்பு ஒன்று 20 தயாரிப்புகளைச் சோதித்தபோது 16 தயாரிப்புகள் போட்டிருந்த எண்ணை எட்டவில்லை. இந்தியாவில் சன்ஸ்கிரீன் வெறும் அழகுசாதனப் பொருளாகத்தான் விற்கப்படுகிறது. ஆகவே மனிதத் தோலில் சோதித்ததாக வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல், காலாவதித் தேதி இந்த நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

நம் தோலின் பிரச்சினை சிவப்பது அல்ல, கருப்பது

பூமிக்கு வந்துசேரும் புறஊதாக் கதிர்களில் இரண்டு வகை. 290 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள யு.வி.பி. தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்கவைக்கும். 320 முதல் 400 வரையுள்ள யு.வி.ஏ. இன்னும் ஆழமாக இறங்கி, கருக்கவைக்கும், சுருக்கம் விழவைக்கும். யு.வி.பி.யைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும், யு.வி.ஏ.யில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய ஓர் அமெரிக்க ஓட்டுநரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கியிருந்தது. வலது கன்னம் அப்படியில்லை. நம் ஊரில் ஓட்டுநர் உட்காருவது வலப்புறம், ஆகவே இங்கே வலது கன்னமும் வலது முன்கையும். காரின் முன்கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது என்பதால் யு.வி.ஏ.யையும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியில்லை.

'கருப்புத் தோலுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?' என்று கேட்பவர்களிடம் பாதி நியாயம் இருக்கிறது. மிகக் கருத்த தோலின் மேலடுக்குக்கு இயற்கையாகவே சுமார் 13 எஸ்.பி.எஃப்.க்குச் சமமான தடுப்பு உண்டு என்று 1979-இல் அளந்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலில் அது 3-ஐ ஒட்டித்தான் இருந்தது. சன்ஸ்கிரீன் தோல் புற்றுநோயைக் குறைக்கும் என்பதற்கான பலமான ஆதாரம் ஆஸ்திரேலியாவின் நாம்பர் என்ற ஊரில் 1992-இல் தொடங்கி 1,621 பேரை வைத்து நடத்திய ஆய்வு. தினமும் பூசியவர்களுக்கு ஒரு வகைப் புற்றுநோய் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அது வெள்ளைத் தோல்காரர்களின் ஊர். அதே பலனை நம் தோலுக்கு அப்படியே எடுத்துவந்து பயமுறுத்துவது நேர்மையல்ல.

நம் தோல் வேறு விதத்தில் வெயிலுக்குப் பதில் சொல்கிறது. கன்னத்தில் மங்கு படர்கிறது. பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கருப்பாக நிற்கிறது. நெற்றியும் கன்னப்பொட்டும் ஒரு நிறம், தாடைக்குக் கீழே வேறு நிறம் என்று ஆகிறது. பெரும்பாலானவர்கள் சன்ஸ்கிரீன் வாங்கக் காரணமே இதுதான். அப்படியிருக்க, சிவப்பதை மட்டும் அளக்கும் எஸ்.பி.எஃப்.பை மட்டும் பார்த்து வாங்குவது, பேருந்தின் போர்டைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து ஏறுவது மாதிரி.

பார்க்க வேண்டியது அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பி.ஏ. என்ற எழுத்துகளும் கூட்டல் குறிகளும் யு.வி.ஏ. தடுப்பைச் சொல்பவை. ஜப்பானில் 1996-இல் வந்த முறை இது. கருப்பதைத் தடுக்கும் எண் 2-இலிருந்து 4 வரை இருந்தால் ஒரு கூட்டல், 8 வரை இரண்டு, 16 வரை மூன்று, 16-ம் அதற்கு மேலும் நான்கு. ஐரோப்பியத் தயாரிப்புகளில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று எழுதியிருக்கும், அங்கே யு.வி.ஏ. தடுப்பு எஸ்.பி.எஃப்.பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருந்தாக வேண்டும். மூன்று கூட்டலுக்குக் குறைந்ததை மங்கு உள்ளவர்கள் தொட வேண்டாம்.

மங்கு உள்ளவர்களுக்கு அதற்கும் மேல் ஒன்று வேண்டும். மங்கைக் கிளப்புவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், குறிப்பாக ஊதா, நீல நிறப் பகுதிக்கும் பங்குண்டு. மாநிறமும் கருப்புமான தோலில் வெறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே அழுத்தமான கருமையை உண்டாக்குவதை 2010-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நிறமில்லாத சன்ஸ்கிரீன், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்த ஒளியைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். இதைத் தடுப்பது இரும்பு ஆக்ஸைடு. 'டின்டட்' என்ற பெயரில் தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனில் அது இருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் உட்பொருள் பட்டியலில் 'அயர்ன் ஆக்ஸைட்ஸ்' என்றோ சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். மங்குக்கு மாதக்கணக்காக மருந்து பூசியும் நிறம் இறங்கவில்லை என்பவர்கள் முதலில் மாற்றிப்பார்க்க வேண்டியது இதைத்தான். (செல்போன் திரை, டியூப்லைட் வெளிச்சத்துக்காகச் சன்ஸ்கிரீன் பூச வேண்டியதில்லை. வெயிலோடு ஒப்பிட்டால் அந்த வெளிச்சம் ஒன்றுமே இல்லை.)

உள்ளே என்ன இருக்கிறது

கடையில் 'மினரல்', 'கெமிக்கல்', இரண்டும் கலந்த 'ஹைபிரிட்' என்று மூன்று பெயர் சொல்வார்கள். மினரல் என்பது ஸிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு ஆகிய இரண்டு வெள்ளைப் பொடிகள். இவை கண்ணாடி போல வெயிலைத் திருப்பியனுப்புகின்றன என்பது பரவலான நம்பிக்கை. புறஊதாவில் மிகச் சிறு பங்கைத்தான் இவை திருப்புகின்றன. மிச்சத்தை மற்ற சேர்மங்களைப் போலவே உறிஞ்சிக்கொள்கின்றன. ஸிங்க் ஆக்ஸைடு யு.வி.ஏ.வின் பெரும்பகுதியை எட்டும், டைட்டானியம் டையாக்ஸைடு அவ்வளவு தூரம் போகாது. எரிச்சல் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும், சட்டென்று சிவக்கும் தோலுக்கும் ஸிங்க்தான் நல்லது. குறை, மாநிறத்துக்கு மேல் சாம்பல் பூசியது போல் நிற்கும். நிறம் சேர்த்த வகையில் அந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

'கெமிக்கல்' வகையில் அவோபென்ஸோன் யு.வி.ஏ.வைத் தடுக்கும் பழைய, மலிவான பொருள். அதன் பலவீனம், வெயில் பட்டால் அதுவே சிதையத் தொடங்கும். ஆக்டினாக்ஸேட் கூட இருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். ஆக்டோகிரைலீன் அல்லது பெமோட்ரிஸினால் துணைக்கு இருந்தால் தாக்குப்பிடிக்கும். பட்டியலில் அவோபென்ஸோனும் ஆக்டினாக்ஸேட்டும் மட்டும் ஜோடியாக இருந்து, தாங்கிப்பிடிக்கும் பொருள் எதுவும் இல்லையென்றால் வேறொன்றை எடுங்கள். பெமோட்ரிஸினால், டி.ஹெச்.ஹெச்.பி. போன்ற புதியவை வெயிலில் சிதையாமல் நிற்பவை. இந்தியச் சந்தையிலும் இப்போது நிறையக் கிடைக்கின்றன. டி.ஹெச்.ஹெச்.பி.யின் முழுப் பெயர் 'டைஎத்திலமைனோ ஹைட்ராக்ஸிபென்ஸாயில்' என்று தொடங்கி நீளும். பட்டியலில் அப்படித்தான் இருக்கும்.

'கெமிக்கல்' வகைப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன என்ற செய்தி உண்மைதான். 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் ஆய்வில் 24 பேர் உடம்பின் முக்கால் பங்கில் ஒரு நாளைக்கு நான்கு முறை வீதம் நான்கு நாள் பூசினார்கள். கூடுதல் பாதுகாப்புச் சோதனை தேவையில்லை என்று விட்டுவிடக்கூடிய வரம்பைச் சோதித்த பொருள்கள் இரத்தத்தில் தாண்டின; எல்லாவற்றிலும் அதிகம் ஆக்ஸிபென்ஸோன் என்ற பொருள். வரம்பைத் தாண்டியது என்றால் இன்னும் சோதிக்க வேண்டும் என்று பொருள், கேடு நிரூபணமாகிவிட்டது என்று பொருள் அல்ல. பூசுவதை நிறுத்தச் சொல்லி அந்த நிர்வாகமே சொல்லவில்லை. ஆக்ஸிபென்ஸோனைப் பற்றி மட்டும் எங்கள் முடிவு தெளிவு: தவிர்த்துவிடலாம். அதிகம் உட்புகுவதும் அதுதான், ஒவ்வாமை கிளப்புவதில் பேர் வாங்கியதும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உடம்பில் பூசும் தயாரிப்புகளில் அதன் வரம்பை 2.2 சதவீதமாகக் குறைத்துவிட்டது. பவளப்பாறைகளைக் காக்க ஹவாய் 2021 ஜனவரி முதல் ஆக்ஸிபென்ஸோனும் ஆக்டினாக்ஸேட்டும் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை போட்டது. அது இல்லாத தயாரிப்புகள் ஏராளமாக இருக்கும்போது அதையே தேடிப்பிடித்து வாங்க ஒரு காரணமும் இல்லை.

அளந்து பூசுவது எப்படி

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கிக்கொண்டால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும் என்பது பலர் சொல்லும் கணக்கு. ட்யூபின் வாய் குறுகலாக இருந்தால், அல்லது தண்ணீர் மாதிரி ஓடும் வகையாக இருந்தால், இந்தக் கணக்கு தப்பும். ஒரே ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கள்: மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, பிஸ்டனைக் கழற்றி, பின்பக்கமாக சன்ஸ்கிரீனைப் பிதுக்கி நிரப்புங்கள். பிஸ்டனைப் போட்டு 1.5 மில்லியை உள்ளங்கையில் தள்ளுங்கள். இவ்வளவா என்று தோன்றும். அந்தக் குவியல் உங்கள் ட்யூபில் எத்தனை விரல்கோடு என்று பார்த்து வைத்துக்கொண்டால் சிரிஞ்சைப் பிறகு தூக்கிப்போட்டுவிடலாம். கை ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன், கால் ஒன்றுக்கு இரண்டு டீஸ்பூன் என்பது உடம்புக்கான கணக்கு. கடற்கரைக்குக் குளிக்கப் போகும் ஒருவருக்கு மொத்தம் 30 மில்லிக்கு மேல் ஆகும்.

அவ்வளவையும் ஒரே தடவையில் பூசினால் வழுக்கும், திட்டுத்திட்டாக நிற்கும். பாதியைப் பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மீதியைப் பூசுங்கள். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துப் பரப்ப வேண்டும். முகத்துக்கு கிரீம் மசாஜ் செய்வது போல் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோலின் மேல் ஓர் உடையாத படலமாக அது நிற்க வேண்டும். வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்: காது, நெற்றிப்பொட்டு, வகிடு, கண்ணைச் சுற்றி, பிடரி, புடவை கட்டுபவர்களுக்கு ஜாக்கெட்டுக்கு மேலே தெரியும் முதுகு, செருப்பு வார் விடும் பாத மேற்புறம். வெளியே கிளம்ப 15 நிமிடத்துக்கு முன் பூசி முடியுங்கள்.

மாய்ஸ்சரைஸர் போடுபவர்கள் அதை முதலில் போட்டு, தோல் உறிஞ்சிக்கொண்ட பிறகு சன்ஸ்கிரீன், அதற்கு மேல் பவுடரோ மேக்கப்போ. மாய்ஸ்சரைஸரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசினால் படலம் சீராக அமையாது. தேங்காய் எண்ணெய் தடவிய முகத்தின் மேல் பூசினாலும் இதேதான். தேங்காய் எண்ணெயே வெயிலைத் தடுக்கும் என்பதில் நம்பத் தகுந்த அளவுக்கு எதுவும் இல்லை. 30 எண் சன்ஸ்கிரீனும் 15 எண் பவுடரும் சேர்ந்து 45 ஆகாது. கொசு விரட்டி பூசுவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு விரட்டி அதற்கு மேல். டீட் என்ற கொசு விரட்டும் வேதிப்பொருள் கலந்த விரட்டி சன்ஸ்கிரீனின் எண்ணைக் குறைத்துவிடும் என்பதால் அன்றைக்குத் திரும்பப் பூசுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திரும்பப் பூசுவது எப்போது? வெயிலில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வியர்வையைத் துடைத்தால் அப்போதே. 'வாட்டர் ரெஸிஸ்டன்ட் 80 நிமிடம்' என்றால் தண்ணீரில் 80 நிமிடம் தாங்கும் என்று பொருள். துண்டால் துடைத்தால் அந்தக் கணக்கு முடிந்தது. ஜன்னலுக்குத் தள்ளி, உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது அதிகப்படி. காலையில் கிளம்பும்போது ஒரு முறை, மதியம் வெளியே இறங்குவதற்கு முன் ஒரு முறை போதும். சென்னை, மதுரை மாதிரி இடங்களில் முகம் முழுக்க வியர்த்திருக்கும்போது மேலேயே பூசினால் உருண்டு உருண்டு வரும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பூசுங்கள்.

எப்போது தேவை என்பதற்கு நிழல் நல்ல கடிகாரம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புறஊதா கடுமையாக இருக்கும் நேரம். புறஊதா எவ்வளவு கடுமை என்று சொல்லும் புறஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் மார்கழி நண்பகலிலும் அது 3-ஐத் தாண்டியிருக்கும், கோடையில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய மேகம் புறஊதாவில் 80 சதவீதம் வரை விட்டுவிடும். வெப்பத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் புறஊதா கூடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகுச் சவாரி போய்விட்டு முகம் கருத்துத் திரும்புவது இதனால்தான்.

எங்கே தப்பாகப் போகிறது

கண் எரிச்சல்தான் பலரை சன்ஸ்கிரீனை விட்டே ஓடவைப்பது. வியர்வையோடு சேர்ந்து உருகி அவோபென்ஸோன் போன்றவை கண்ணுக்குள் இறங்குகின்றன. நெற்றியின் மேற்பகுதியிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் ஸிங்க் ஆக்ஸைடு வகையைப் பூசுங்கள், மற்ற இடத்தில் வழக்கமானதைத் தொடரலாம்.

பரு வருகிறது என்றால் வகையை மாற்றிப்பாருங்கள்: எண்ணெய் வழியும் தோலுக்கு ஜெல், வறண்ட தோலுக்கு கிரீம். அதோடு இரவில் சரியாகக் கழுவுகிறீர்களா என்றும் பாருங்கள். தண்ணீரில் கரையாத வகையை வெறும் தண்ணீர் எடுக்காது. ஃபேஸ்வாஷை இரண்டு முறை போட வேண்டியிருக்கும்.

வெள்ளைச் சட்டையின் காலரில் துரு மாதிரி மஞ்சள் கறை விழுவது போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கும். அவோபென்ஸோன் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. குளோரின் ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து ஊறவிடுங்கள், அல்லது துருக்கறை நீக்கியைப் பயன்படுத்துங்கள். அதே எலுமிச்சையைத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். சாறு பட்ட இடத்தில் புறஊதா விழுந்தால் கொப்புளம் கிளம்பி, ஆறிய பிறகு கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

ஸ்கூட்டர் டிக்கியிலும் கார் டேஷ்போர்டிலும் ட்யூபை வைக்கக் கூடாது. சூட்டில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். பிதுக்கும்போது முதலில் தண்ணீராக வந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள். ஆக்டோகிரைலீன் உள்ளவை நாளாக ஆக பென்ஸோஃபீனோன் என்ற வேண்டாத பொருளாகச் சிதைவதாக 2021-இல் கண்டறிந்தார்கள். காலாவதித் தேதி மட்டும் போதாது. திறந்த டப்பா படத்துக்குள் '12 எம்' என்றிருந்தால் திறந்து 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முழு அளவு பூசுபவருக்கு இந்தக் கவலையே வராது.

ஸ்ப்ரேயை முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். உள்ளங்கையில் அடித்துப் பூசுங்கள், அடுப்பு, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். காற்றில் பறந்ததுபோக உடம்பில் எவ்வளவு ஒட்டியது என்றே தெரியாது என்பதால் ஸ்ப்ரேயை முதல் தேர்வாக நாங்கள் சொல்ல மாட்டோம். சன்ஸ்கிரீன் மாத்திரை என்று விற்பது பூசுவதற்கு மாற்று அல்ல.

துணி முதலில்

வயலில், கட்டட வேலையில், டெலிவரி பைக்கில் நாள் முழுக்க இருப்பவரிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 1.5 கிராம் பூசு என்றால் மாதச் செலவு தாங்காது. அவர்களுக்கு முதல் பாதுகாப்பு துணி. நெருக்கமான நெசவுள்ள அடர்நிறத் துணி, எந்த கிரீமையும்விட உறுதியாகத் தடுக்கும், வியர்த்தால் வழியாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் பார்க்க மறைப்பாகத் தெரிந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வரை உள்ளே விடலாம். நனைந்தால் இன்னும் மோசம். முழுக்கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி அல்லது தலைப்பாகை, பைக்கில் கையுறை, நடக்கும்போது குடை. துணி மறைக்காத மூக்கு, கன்னம், மேலுதடு, புறங்கை இவற்றுக்கு மட்டும் தாராளமாக சன்ஸ்கிரீன் பூசினால் ஒரு ட்யூப் செலவுக்குக் கட்டுப்படும். விலை உயர்ந்ததைச் சிக்கனமாகத் தொட்டுக்கொள்வதைவிட நடுத்தர விலையில் 100 கிராம் வாங்கி மனசு வைத்துப் பூசுவது எவ்வளவோ மேல்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். அதற்கு மேல் ஸிங்க், டைட்டானியம் வகை.

புதிய தயாரிப்பு எதையும் முழங்கை மடிப்புக்கு அருகே சின்ன இடத்தில், தினம் இரு வேளை, ஐந்து நாளாவது பூசிப்பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். மூட்டுவலிக்கு கீட்டோப்ரோஃபென் ஜெல் தடவி, வெயில் பட்டு ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஆக்டோகிரைலீனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையஸைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களின் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெயிலுக்கு வெந்துபோகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் நோயையே கிளறும். வெண்புள்ளி விழுந்த இடத்தில் நிறமியின் காப்பு அறவே இல்லை, அங்கே சன்ஸ்கிரீன் மருந்தைப் போலத்தான்.

முழு அளவில் தினமும் பூசுபவர்களுக்கு வைட்டமின் டி ஓரளவு குறையலாம். நம் ஊரில் சன்ஸ்கிரீன் பூசாதவர்களுக்கே அந்தக் குறை நிறைய. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்வது எளிது. அதற்காக மங்குள்ள முகத்தை வெயிலில் காயவைக்க வேண்டியதில்லை.

மங்குக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றும் கலந்தவை உண்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயில் பட்டதும் எரியும். நிறுத்தினால் இன்னும் சிவக்கும். அந்த நிலையில் எந்த சன்ஸ்கிரீனும் தனியாகக் காப்பாற்றாது, தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றுக்கும் மருத்துவரிடம் போக வேண்டும். கருத்த தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் அதிகமாகத் தோன்றும் இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடிப்பகுதி. வெயில் அதற்குக் காரணமில்லை, ஆகவே சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. மாதம் ஒரு முறை உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக வந்த கரும்புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாமல் பெரிதாகும் மச்சம், அடிபடாமலே நகத்தில் நீளவாக்கில் வந்து அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, இவற்றில் எது தென்பட்டாலும் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.